இருபத்துநான்காம் மெட்டுக்கு அப்பால்

குடம் குடைந்து, தண்டி பொருத்தி, யாளி முகத்துக்கு வண்ணம் தீட்டி, பிருடைகளில் தந்தி ஏற்றிய பிறகும் தஞ்சாவூர் வீணைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். அதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கரித்தூள் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இரு விளிம்பிலும் கறுப்பாகக் கரை கட்டுவார்கள். அந்தக் கரைமேல் மெட்டுகளை ஒவ்வொன்றாக உட்கார வைக்க வேண்டும். மெட்டை மயிரிழை முன்னே தள்ளி, தந்தியை மீட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, மயிரிழை பின்னே இழுத்து, மறுபடி மீட்டிப் பார்ப்பார்கள். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டு. ஒன்று பிசகினாலும் அந்தச் சுரம் வருகிற ராகம் எல்லாம் பிசகும்.

இந்த 24 என்ற கணக்கு நிலைபெற்றது தஞ்சாவூரில்தான். 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் அது முடிவானது என்று இசை வரலாறு சொல்கிறது. அதற்கு முன் மெட்டுகளின் எண்ணிக்கை வீணைக்கு வீணை மாறும். ராகத்துக்குத் தக்கபடி நகர்த்திக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. எல்லாச் சுரத்தானத்துக்கும் நிலையான இடம் கிடைத்த பிறகு ஒரே வீணையில் எந்த ராகத்தையும் வாசிக்க முடிந்தது. ரகுநாதரின் மந்திரி கோவிந்த தீட்சிதர். அவர் மகன் வேங்கடமகிதான் பின்னால் 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் 72 மேளங்களை, அதாவது தாய் ராகங்களை, கணக்கிட்டு வைத்தார். 12 இடங்களும் கண்ணெதிரே வரிசையாக நிற்கும் ஒரு வாத்தியமும், அந்த 12 இடங்களிலிருந்து 72 மேளங்களைப் பிரித்தெடுக்கும் ஒரு கணக்கும் ஒரே அரசவையைச் சுற்றிப் பிறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் நினைக்க வைத்தவன் என் அக்கா மகன். கல்லூரியில் படிக்கிறான்; எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். "மாமா, 22 ஃபிரெட் வாங்கறதா, 24 ஃபிரெட் வாங்கறதா? 24 வாங்கினா சவுண்டே மாறிடும்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க. கடைசியில ரெண்டு ஃபிரெட் கூட இருந்தா மத்த இடத்துல எப்படி மாமா சவுண்டு மாறும்?"

நல்ல கேள்வி. வீணையின் மெட்டுதான் கிட்டாரில் ஃபிரெட். அவன் நண்பர்கள் சொன்னது உண்மை. ஆனால் ஏன் என்று புரிந்துகொள்ள, ஒரு தந்தி எப்படிப் பேசுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தம்பூராவில் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் காதைக் கொடுத்தால் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மெல்ல எழுந்து வரும். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஒரு தந்தி முழுசாக அசையும்போதே இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்காகவும், ஐந்தாகவும் பிரிந்து அசைகிறது. பாதியாக அசைவது மேல் ஸட்ஜம். மூன்று பங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்து பங்கு அந்தச் சுயம்பு காந்தாரம். இவற்றை மேற்சுரங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஸட்ஜத்தை வீணையில் கேட்டால் வீணை என்கிறோம், வயலினில் கேட்டால் வயலின் என்கிறோம். ஸட்ஜம் மாறவில்லை, அதன் மேல் ஏறி நிற்கும் மேற்சுரங்களின் விகிதம் மாறியிருக்கிறது.

பங்கு பங்காக அசையும் தந்தியில், பங்குகள் சந்திக்கும் இடம் அசையாமல் நிற்கும். பாதியாக அசையும்போது நட்டநடு அசையாது. நான்காக அசையும்போது கால், அரை, முக்கால் அசையாது. தாமஸ் யங் என்ற ஆங்கிலேயர் 1800இல் சொன்ன விதி இதிலிருந்து வருகிறது: எந்த மேற்சுரத்துக்கு ஓர் இடம் அசையாத இடமோ, அந்த இடத்தில் மீட்டினால் அந்த மேற்சுரம் பிறக்காது. அசைய மறுக்கும் புள்ளியில் அதை எப்படி அசைக்க முடியும்? நட்டநடுவில் மீட்டினால் இரண்டு, நான்கு, ஆறு என்ற இரட்டைப்படை மேற்சுரங்கள் எல்லாம் போய்விடும். குழல் மாதிரி உருண்ட ஒலி வரும். முனைக்குப் பக்கத்தில் மீட்டினால் ஏராளமான மேற்சுரங்கள் கூட்டமாக வரும். ஒலி மெலிந்து கூராகும்.

இனி பையனின் கேள்விக்கு வரலாம். 12 ஃபிரெட் தாண்டினால் தந்தி பாதியாகிறது. 24 தாண்டினால் பாதியின் பாதி. மீதி இருப்பது கால் பங்கு. வீணையானாலும் கிட்டாரானாலும் இதுதான் கணக்கு. ஃபெண்டர் கிட்டார்களில் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். 24ஆம் ஃபிரெட் இருந்தால் அது தந்தி ஏறி நிற்கும் பிரிட்ஜிலிருந்து 162 மில்லிமீட்டரில் நிற்கும். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு முதலில் 21 ஃபிரெட், பிறகு 22. 24ஆம் ஃபிரெட் வரவேண்டிய அந்தக் கால் பங்கு இடத்தில்தான் அதன் கழுத்துப் பக்கத்து பிக்கப் உட்கார்ந்திருக்கிறது.

பிக்கப் என்பது கிட்டாரின் காது. யங் சொன்ன விதி இதற்கும் அப்படியே செல்லும். அசையாத புள்ளிக்கு நேர் கீழே காதை வைத்தால் அந்த மேற்சுரம் கேட்காது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்து பிக்கப் கால் பங்கில் இருப்பதால் திறந்த தந்தியின் நான்காம் மேற்சுரத்துக்கு அது செவிடு. 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும்போது தந்தி பாதியாகிவிடும். பிக்கப் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது இப்போது மீதித் தந்தியின் நட்டநடு. இரட்டைப்படை மேற்சுரங்கள் மொத்தமாக அடங்கி, ஊதல் மாதிரி ஒலிக்கிறது. அந்த கிட்டாரின் மேல் ஸ்தாயியில் வரும் இனிமையை விரும்பி வாங்குகிறவர்கள் பாதிப் பேருக்கு அது இந்த இடத்துக் கணக்கால் வருகிறது என்று தெரியாது.

24 ஃபிரெட் வைக்க வேண்டுமானால் அந்த பிக்கப்பைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளியாக வேண்டும். காது நகர்ந்தால் கேட்பதும் மாறும். இதுதான் பையனுக்கான பதில். கூடுதல் இரண்டு ஃபிரெட்டைத் தொடாமலே வாசித்தாலும் வித்தியாசம் தெரியும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப். பிரிட்ஜ் ஓரத்தில் இருப்பது சாய்வாகப் பதிக்கப்பட்டிருக்கும். மெல்லிய தந்திகளின் பக்கம் முனைக்கு நெருங்கியும், தடித்த தந்திகளின் பக்கம் சற்று விலகியும் இருக்கும். மெல்லியது பளிச்சென்றும் தடித்தது கனமாகவும் ஒலிக்க அந்தச் சாய்வு. ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இடக்கைக்காரர். வலக்கை கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். அப்போது சாய்வும் தலைகீழாகிவிட்டது. தடித்த தந்திக்குப் பளிச்சும் மெல்லிய தந்திக்குக் கொழுப்பும் வந்தது. அவர் ஒலியின் ஒரு பங்கு அந்தச் சாய்வில் இருக்கிறது.

பையனை நம்ப வைக்க வீட்டில் சோதித்துப் பார்த்தோம். நண்பனிடம் இரவல் வாங்கிய கிட்டாரில் நடுவில் மீட்டினான், ஓரத்தில் மீட்டினான், கால் பங்கில் மீட்டினான். சொன்னபடியே ஒலி மாறியது. பிறகு என் அம்மாவின் வீணையை எடுத்து அதே இடங்களில் மீட்டச் சொன்னேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் கிட்டாரில் வந்த அளவுக்கு இல்லை. நடுவில் மீட்டியபோதும் அந்த ரீங்காரம் போகவில்லை. "பாட்டி வீணை சொன்ன பேச்சு கேக்கலையே மாமா" என்றான்.

அவன் காதில் பட்டதை 1921இல் ஒருவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவில் 1888 நவம்பர் 7ஆம் தேதி பிறந்த சர் சி.வி. ராமன். அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். நோபல் பரிசு பெற்றுத் தந்த ஒளி ஆராய்ச்சிக்கு முன் ராமன் பல ஆண்டுகள் செலவிட்டது தந்தி வாத்தியங்களிலும் மிருதங்கத்திலும்தான். தம்பூராவையும் வீணையையும் பற்றி அந்த 1921ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் காட்டியது இது: அசையாத புள்ளியில் மீட்டினாலும், யங் விதிப்படி வரக்கூடாத மேற்சுரம் இந்த வாத்தியங்களில் பலமாக வருகிறது. காரணம் குதிரை, அதாவது வீணையின் பிரிட்ஜ்.

கிட்டாரில் தந்தி ஒரு கூரிய விளிம்பின் மேல் ஏறி இறங்குகிறது. முனை எது என்பதில் சந்தேகமே இல்லை. வீணைக் குதிரையின் மேல் அகலமான உலோகத் தகடு இருக்கிறது. அது மிக மெல்லிய வளைவோடு சரிந்திருக்கும். தந்தி அசையும் ஒவ்வொரு தடவையும் அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. கீழே வரும்போது சற்றுக் குட்டையாகிறது, மேலே போகும்போது சற்று நீள்கிறது. ஓயாமல் தொட்டு விலகும் அந்தத் தட்டலில் விடுபட்ட மேற்சுரங்கள் திரும்பப் பிறக்கின்றன. தம்பூராவில் இதையே ஒரு நூலைச் செருகி இன்னும் நுட்பமாகச் செய்கிறோம். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர் வைத்திருக்கிறோம். கிட்டாரில் தந்தி எதிலாவது இப்படி உரசினால் பழுது என்று கடைக்கு எடுத்துப் போவார்கள். இங்கே தகட்டின் சரிவைத் தேய்த்துத் தேய்த்து அந்த உரசலை வரவழைக்கிறவர்தான் நல்ல ஆசாரி.

மேற்சுரம் வேண்டாம் என்று விலக்குவதும், வேண்டும் என்று வரவழைப்பதும் வாத்தியத்தில் ஒரு தேர்வு. கிட்டார் செய்தவர்கள் அந்தத் தேர்வைக் காந்தத்திடமும் மின்சாரத்திடமும் ஒப்படைத்தார்கள்.

பிக்கப்புக்குள் இருப்பது காந்தம். அதைச் சுற்றி முடியினும் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புத் தந்தி அசைந்தால் காந்தப்புலம் கலங்கும். சுருளில் மின்சாரம் பிறக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீணையில் சாரணியும் பஞ்சமமும் எஃகுத் தந்திகள். மந்தரமும் அனுமந்தரமும் வழக்கமாகப் பித்தளை அல்லது வெண்கலம். இவை காந்தத்துக்குக் கட்டுப்படாதவை. சாதாரண கிட்டார் பிக்கப்பை வீணைக்குக் கீழே வைத்தால் மேல் தந்திகள் பேசும், கீழ்த் தந்திகள் ஊமையாகிவிடும். மேடையில் வீணைக்கு அதிர்வைத் தொட்டு வாங்கும் காண்டாக்ட் மைக் வைப்பதன் ஒரு காரணம் இது.

ஒற்றைச் சுருள் உள்ள பிக்கப்பை சிங்கிள் காயில் என்கிறார்கள். ஒலி கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும். சினிமாப் பாட்டுகளில் பின்னணியில் சிலீர் சிலீரென்று விழும் கிட்டார் பெரும்பாலும் இந்த வகை. அதற்கு ஒரு தொல்லை உண்டு. சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது வாங்கிவிடும். நம் ஊரில் மின்சாரம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுவது. குழல்விளக்கு, மின்விசிறி, பம்புசெட் எல்லாம் சேர்ந்து ஸ்பீக்கரில் ஓர் உறுமலாக வரும். கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை எதிர்த் திசையில் இணைத்து, அதன் காந்தத்தையும் தலைகீழாக வைத்தார். வெளி இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் இரண்டு தடவை தலைகீழாகி, நேராகிக் கூடிக்கொள்ளும். ஹம்பக்கர் என்று பெயர். 1957இலிருந்து லெஸ் பால் கிட்டார்களில் வந்தது.

இரைச்சலைப் போக்கச் செய்தது ஒலியையும் மாற்றிவிட்டது. இரண்டு சுருள் என்றால் இரண்டு காது, தந்தியில் இரண்டு இடம். மிக உயர்ந்த மேற்சுரங்கள் அந்த இரண்டு இடத்திலும் ஒன்றுக்கொன்று முரணாக அசைந்து அடங்கிப் போகும். கம்பிச் சுற்று அதிகமானதால் உச்சத்துக் கூர்மையும் குறையும். வலு கூடும். சிங்கிள் காயிலை வெண்கல மணி என்றால் ஹம்பக்கரை வெல்லப்பாகு என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த வலுவை ஆம்ப்ளிஃபயருக்குள் அதன் தாங்கும் எல்லைக்கு மேல் செலுத்தினால் அலையின் தலைகள் வெட்டுப்படும். அதுதான் டிஸ்டார்ஷன், ராக் இசையின் கர்ஜனை.

அந்தக் கர்ஜனையில் ஒரு விஷயம் என்னை நெடுநாள் வியக்க வைத்தது. டிஸ்டார்ஷன் போட்டுவிட்டால் ராக் கிட்டார்க்காரர்கள் பல சுரங்கள் சேர்ந்த முழு கார்டு வாசிப்பதைக் குறைத்துக்கொண்டு இரண்டே சுரம் வாசிப்பார்கள். அதற்குப் பவர் கார்டு என்று பெயர். அந்த இரண்டு சுரம் ஸட்ஜமும் பஞ்சமமும்! தம்பூராவில் கட்டுவதும், வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளில் மாறி மாறிக் கட்டுவதும் இதே ச, ப தான்.

ஏன்? வெட்டுப்படும் அலை இரண்டு சுரங்களைக் கலந்து, அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புதிய சுரங்களாகப் பெற்றுப் போடும். ஸட்ஜத்தின் அதிர்வு 2 என்றால் பஞ்சமம் 3. கழித்தால் 1, அது கீழ் ஸ்தாயி ஸட்ஜம். கூட்டினால் 5, அது அந்தர காந்தாரம். தம்பூராவில் தானாக எழும் அதே சுயம்பு காந்தாரம்தான் ஹெவி மெட்டல் ஸ்பீக்கரிலும் தானாக எழுகிறது. இதற்கு மாறாக கிட்டாரிலேயே காந்தாரத்தை அழுத்தி வாசித்தால் சேறாகிவிடும். கிட்டார் ஃபிரெட்டுகள் ஸ்தாயியைச் சமமாக 12 பங்கிட்டு வைக்கப்பட்டவை. அந்தப் பங்கீட்டில் பஞ்சமம் 1.498, உண்மையான 1.5க்கு மிகப் பக்கம். காந்தாரமோ 1.26, உண்மையில் 1.25 ஆக இருக்க வேண்டும். சாதாரணமாக வாசிக்கும்போது காது மன்னித்துவிடும் அந்த வித்தியாசத்தை டிஸ்டார்ஷன் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டிவிடும்.

மரம் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்டார் விரும்பிகளிடையே ஓயாத வழக்கு இது. வீணையில் மரம்தான் எல்லாம். பலா மரம், தஞ்சாவூர்ப் பட்டறைகளுக்குப் பண்ருட்டிப் பக்கமிருந்து வருகிறது. குடம், தண்டி, யாளிமுகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு விலையும் மதிப்பும் அதிகம்.

மீட்டும்போது விரல் தந்திக்குக் கொடுக்கும் சக்தி ஓர் அளவுதான். அதை வாத்தியம் வேகமாகச் செலவழித்தால் ஒலி பலமாக வந்து சீக்கிரம் அடங்கும். சிக்கனமாகச் செலவழித்தால் மெல்ல வந்து நெடுநேரம் நிற்கும். சாதாரண கிட்டாரின் முகப்பலகை மெலிது. தந்தி சொன்னவுடன் முழுதாக அசைந்து காற்றில் கொட்டிவிடும். ஒலி கணீரென்று வந்து போய்விடும். வீணையின் பலாக்குடம் கனமானது. அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். ஆகவேதான் வீணைக்குக் கார்வை உண்டு, சத்தம் இல்லை. தஞ்சாவூர் அரசவைக் கலைஞர் மரபில் வந்த வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது கேட்க வந்த பெரிய வித்துவான்கள் மூச்சு விடும் சத்தமும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். அந்த வாத்தியத்துக்கு அப்படித்தான் உட்கார வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டார் இந்தச் சிக்கனத்தைக் கோடிக்கே கொண்டு போனது. உடம்பு கெட்டி மரம்; காற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காது. கொடுக்க வேண்டியதைக் காந்தம் பார்த்துக்கொள்வதால் தந்தி தன் சக்தியை வைத்துக்கொண்டு நெடுநேரம் அசையும். மேடையில் நாம் கேட்பது பிக்கப் எடுத்த ஒலி. மரத்தின் பங்கு அதில் சிறிது. கிட்டார் வாங்கும்போது மரத்தின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட நல்ல பிக்கப்புக்குக் கொடுப்பது மேல் என்பது என் தீர்மானமான கருத்து. வீணைக்கு இதே பேச்சைப் பேச மாட்டேன்.

அந்த நீண்ட கார்வைதான் நம் இசைக்கும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் பாலம் போட்டது. கமகத்துக்கு நேரம் வேண்டும். ஒரு மீட்டில் தந்தியை இழுத்து, அசைத்து, மேல் சுரத்தைத் தொட்டு, திரும்பி வந்து நிற்பதற்குள் ஒலி செத்துவிட்டால் தோடி ஏது? சாதாரண கிட்டாரில் செத்துவிடும். எலெக்ட்ரிக்கில் நிற்கும். ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா அதில் கர்நாடக இசைக் கச்சேரி செய்வது இதனால்தான் சாத்தியமாகிறது.

இழுப்பதற்கும் கணக்கு இருக்கிறது. சுருதி தந்தியின் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். ஸட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபம் போக இழுவிசையை ஏறக்குறைய 27 விழுக்காடு கூட்ட வேண்டும். அதே மெட்டில் பஞ்சமம் வரை இழுக்க இரண்டேகால் மடங்கு. வீணையில் மெட்டுகள் மெழுகுக் கரையின் மேல் உயரமாக நிற்பதால் விரல் நுனி எந்தப் பலகையையும் தொடாது. தந்தியைப் பக்கவாட்டில் தடையில்லாமல் இழுக்கலாம். கிட்டாரில் விரல் பலகையில் உரசும்.

ஜான் மக்லாக்ளின் என்ற ஆங்கிலேய கிட்டார் கலைஞர் இந்த இடத்தில்தான் முட்டி நின்றார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை கற்றார். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அங்கேயே டாக்டர் பட்டம் பெற்ற இசையறிஞர் ராமநாதன். பிறகு மக்லாக்ளின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோரோடு சக்தி குழுவைத் தொடங்கினார். அதற்காகச் செய்த கிட்டாரில் ஃபிரெட்டுகளுக்கு நடுவே பலகையைப் பள்ளமாகக் குடைந்திருந்தது. கூடவே தாமாக அதிரும் துணைத் தந்திகளும் உண்டு. குடைந்த பலகையால் விரலுக்குக் கீழே காற்று கிடைத்தது. கிட்டாரின் ஃபிரெட் வீணையின் மெட்டாகியது. தஞ்சாவூர் நால்வரில் ஒருவரான வடிவேலு போன்றவர்கள் ஐரோப்பாவின் வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழித்து, நம் மெட்டு கிட்டாருக்குள் போயிருக்கிறது.

தந்தியை இழுக்கும் சிக்கலை மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இன்னொரு வழியில் தீர்த்தார். மாண்டலினில் எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடித் தந்திகளை ஒரே அளவில் இழுப்பது முடியாத காரியம். இரண்டும் இரண்டு சுருதியில் போய் நிற்கும். அவர் ஜோடியைக் கலைத்து ஒற்றைத் தந்திகளாக ஐந்து கட்டி, எலெக்ட்ரிக் மாண்டலினாக வாசித்தார்.

கிட்டாருக்குக் கிட்டார் தந்தி நீளத்திலும் வித்தியாசம் உண்டு. கிப்ஸன் கிட்டார்களின் தந்தி நீளம் 628 மில்லிமீட்டர். ஃபெண்டரைவிட 20 குறைவு. அதே தந்தி, அதே சுருதி என்றால் இழுவிசை 6 விழுக்காடு குறையும். தந்தி விரலுக்கு இளகிக் கொடுக்கும். இழுத்து வாசிக்கிறவர்கள் பலர் அதை விரும்புவது இதனால்தான்.

மெட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் நம் காவிரிக் கரையில்தான் இருந்தார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் வாசித்த கோட்டுவாத்தியத்தில் மெட்டு கிடையாது. தந்தியின் மேல் உருளைக் கட்டையை வழுக்கி வாசிப்பது. உலகின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார்களில் ஒன்றாக 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் கம்பெனி செய்ததும் இப்படி மடியில் கிடத்தி வழுக்கி வாசிக்கும் வகைதான். வடிவத்தைப் பார்த்து அதற்கு வாணலி என்று பெயர் வந்தது.

மின்சாரம் வந்ததால் வாத்தியத் தேர்வு மாறிய கதை நம் டெல்டாவிலேயே இன்னொன்று உண்டு. கோயில் வீதியில் ஊர்வலத்துக்கு வாசிக்கும் காலத்தில் நாகஸ்வரம் என்றால் குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி; தூரத்துக்குக் கேட்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி தாழ்ந்த பாரியைத் தேர்ந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காக ஆச்சா மரத்தில் அதைச் செய்து கொடுத்தார். தூரத்துக்குக் கேட்கச் செய்யும் பொறுப்பை மைக் எடுத்துக்கொண்ட காலம் அது.

என் அக்கா மகன் கடைசியில் 22 ஃபிரெட் உள்ள, மூன்று சிங்கிள் காயில் கிட்டாரை எடுத்தான். மேல் ஸ்தாயியில் வரும் அந்த ஊதல் ஒலி அவனுக்குப் பிடித்துவிட்டது. கல்லூரி பேண்டில் கர்ஜிக்க வேண்டியவன் இன்னொரு பையன். அவனுக்கு ஹம்பக்கர் போகட்டும்.

கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடையில் முதலில் ஒரே தந்தியை நடுவிலும் கால் பங்கிலும் ஓரத்திலும் மீட்டிக் கேளுங்கள். பிக்கப் ஒவ்வொன்றாக மாற்றிக் கேளுங்கள். ஒரு சுரத்தை இழுத்து, எத்தனை நேரம் நிற்கிறது என்று பாருங்கள். விலைச்சீட்டை அதற்குப் பிறகு பார்க்கலாம். தஞ்சாவூருக்கு வந்தால் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் ஒரு வீணைப் பட்டறைக்கும் போய்வாருங்கள். மேளம் கட்டுகிறவர் மெட்டை நகர்த்திவிட்டுத் தலையைச் சாய்க்கும்போது மட்டும் பேசாமல் நில்லுங்கள்.